பச்சை முக்கோணம்

தண்டையார்பேட்டை,
நவம்பர் 24

அன்புள்ள ஜூடிக்கு,

லுப்னா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. சவரிமுத்து அண்ணன் உன்னைத் தனியாக விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இறைவன் உனக்கும் குழந்தை கீர்த்திக்கும் பொறுமையைத் தரட்டும்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், அடக்கத்துக்குக்கூட வரவில்லையே என்று நினைத்திருப்பாய். நான் பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். இவர்தான் தடுத்தார். ரயிலில் இடமே இல்லை, நவ்ரீனைத் தூக்கிக்கொண்டு அரியலூர் வரை பஸ்ஸில் போக முடியாது என்றார். பிறகு போனில் நானே பார்த்தேன். அந்த ரயிலில் இடம் இருந்தது. அதை இவரிடம் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் உன் கொழுந்தனார்தான் எடுத்தார். கடைசியாக, "அதுக்கு மனசு சரியில்ல, இனிமே கூப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டார். உன் போன் உன் கையில் இல்லை என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் உன் ஊர் கான்வென்ட் சிஸ்டரின் முகவரியை உன் அம்மாவிடம் வாங்கி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அம்மாவைக் காசிமேட்டில் போய்ப் பார்த்தேன். மீன் கூடை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கிறவர்களுக்கு விலை சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், "மர்ந்து குட்ச்சிட்டாருன்னு எய்திட்டாங்கமா. எம்பொண்ணு சண்ட போட்டதாலதான்னு ஊரே பேசிகினு கீது" என்று அழுதார்கள். போலீஸில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறதாம். உன் மாமியார் அன்றிலிருந்து உன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லையாம்.

ஜூடி, நான் அதை நம்பவில்லை. அன்று மதியம் நீ என்னிடம்தானே பேசினாய். பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வேர்வை ஊற்றுகிறது, வெயில் தாக்கிவிட்டது போலிருக்கிறது, மோர் கொடுக்கட்டுமா என்று கேட்டாய். பேசிக்கொண்டிருக்கும்போதே, வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிகிறது, கண்மணி கடுகு மாதிரி சுருங்கிக் கிடக்கிறது, தொடை தானாகத் துடிக்கிறது என்றாய். நான் பயந்துபோய், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்று கத்தினேன். அதற்கு நீ, மருந்து ஆபத்தானதில்லை, பச்சை முக்கோணம் போட்ட வேப்பெண்ணெய் மருந்துதான், சிவப்பு முக்கோணம் போட்ட எதையும் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் அவர் கொண்டுவரவே மாட்டார் என்று சொன்னாய்.

அந்தப் பேச்சு என் காதைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அம்மா சொன்னார்கள். டாக்டர்கள் உடம்பைப் பார்த்துவிட்டு இது கடுமையான பூச்சிமருந்து என்றார்களாம். நீ கொண்டுபோன பாட்டிலோ வேப்பெண்ணெய். அப்படியானால் வேறு எதையோ எடுத்துக் குடித்திருக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டிலில் இருந்தது வேப்பெண்ணெய்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், காரணம் இப்போது கேட்காதே. அந்தப் பாட்டில் எங்கே? இருந்தால் துணியில் சுற்றி, கை படாமல் ஒளித்து வை. மருந்துக்கடைக்காரர் கேட்டாலும், உன் கொழுந்தனார் கேட்டாலும் கொடுக்காதே. லேபிளின் அடியில் ஊதா மையில் முத்திரை குத்தியிருக்கும். அதில் என்ன இருக்கிறதோ, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுது. பதிலை என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். உன் அம்மா பெயருக்கே அனுப்பு. இவர் இப்போதெல்லாம் என் பையைத் திறந்து பார்க்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. கீர்த்தியை வயல் பக்கம் விடாதே. ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
லுப்னா


தண்டையார்பேட்டை,
டிசம்பர் 12

அன்பு ஜூடி,

உன் கடிதத்தை அம்மா ஐஸ் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்கள். அங்கேயே நின்றுகொண்டு மூன்று தடவை படித்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே கடைக்காரர் வந்து, கம்பெனியில் காலி பாட்டிலைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று சொன்னாரா? உன் கொழுந்தனாரும் எடுத்துக் கொடுத்துவிட்டாரா? துக்க வீட்டுக்கு எந்தக் கடைக்காரராவது காலி பாட்டில் கேட்டு வருவாரா? அண்ணன் இரண்டு பாட்டில் வாங்கியிருந்ததும், பாதி மிச்சமிருக்கிற இன்னொன்று மாட்டுக்கொட்டகையில் கிடைத்ததும் இறைவன் செயல். அதைச் சிஸ்டர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது அதைவிட நல்லது. போன வருஷம் மருந்தடித்த இரண்டு பேரையும் இதே மாதிரி "குடித்தார்கள்" என்றுதான் எழுதினார்கள், இந்த வருஷம் களையெடுத்த பெண்கள் மூன்று பேர் வாந்தியெடுத்து விழுந்தார்கள் என்று அவர் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார் என்கிறாயே, அந்தக் காகிதத்தையும் பத்திரமாக வைக்கச் சொல்.

முத்திரையில் காலாவதி 2023 என்று இருக்கிறது, பழைய சரக்கை விற்றதால் விஷமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய்.

அது 2023 இல்லை ஜூடி. 2028. அந்த முத்திரையில் எட்டின் இடது பக்கம் உடைந்துபோயிருக்கிறது, அதனால் மூன்று போல விழுகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அது என் மேசை முத்திரை.

எர்ணாவூரில் ஒரு கோடவுனில் பேக்கிங் வேலைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். என்ன பேக்கிங் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பெட்டி பெட்டியாகப் பூச்சிமருந்து பாட்டில்கள் வரும். எல்லாவற்றிலும் சிவப்பு முக்கோணம், மண்டையோட்டுப் படம். திருவொற்றியூர் குப்பத்துப் பச்சையம்மா அக்கா அவற்றைத் தொட்டியில் ஊறப்போட்டு லேபிளை உரிப்பார். காய்ந்ததும் நான் பச்சை முக்கோணம் போட்ட புது லேபிளை ஒட்டி முத்திரை குத்துவேன். காலாவதியான சரக்கோ, விற்கக்கூடாதென்று அரசாங்கம் நிறுத்திய சரக்கோ, எனக்குத் தெரியாது. சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் ரவிக்குமாரிடம் கேட்டேன். "கம்பெனி பேரு மாறிக்கீதுமா. மர்ந்து அதே மர்ந்துதான். உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றார். மருந்து அதேதான் என்றால் சிவப்பு எப்படிப் பச்சையாகும்? பத்தாவது வரை படித்தவள் நான். அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்ததை விழுங்கிவிட்டேன்.

லேபிளுக்கடியில் காற்றுக் குமிழ் இருக்கக்கூடாதென்று கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டுவேன். என் மேசைச் சரக்கு மட்டும் திரும்பி வந்ததே இல்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இதைப் படித்ததும் நீ கடிதத்தைக் கிழித்துப்போடலாம். கிழிப்பதற்கு முன் மீதியையும் படித்துவிடு.

போன மாதம் ஒரு பாட்டில் மூடி கசிந்து பச்சையம்மா அக்காவின் முழங்கை வரை வழிந்தது. அரைமணி நேரத்தில், "தல சுத்துதுமே, கொமட்டிகினு வர்து" என்று சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். வேர்வை, எச்சில், ஊசிமுனைக் கண்மணி. நீ போனில் சொன்னாயே, அதெல்லாம் அப்படியே. ரவிக்குமார் ஒரு சோடாவைக் கொடுத்து, "வெயிலு" என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அன்று வானம் மூடிக் கிடந்தது. மறுநாள் எங்கள் எல்லோருடைய போனையும் வாசலிலேயே வாங்கி வைக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது இவரைப் பற்றி. சுஃபியான்தான் அந்தக் கோடவுனுக்கு வேன் ஓட்டுகிறார் என்பது உனக்குத் தெரியும். அண்ணன் இறந்த செய்தியை நான் சொன்னபோது எப்படி, என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. "எந்தக் கடைல வாங்கினாரு?" என்று கேட்டார். அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வேலையிலிருந்து வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றி வாளியில் போடுவார், நவ்ரீனைத் தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவார். கோடவுனில் உட்கார்ந்து சாப்பிடாதே என்று என்னிடம் எத்தனையோ தடவை சொன்னார். சுத்தக்காரர் என்று நினைத்தேன். எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். அரியலூர் பெட்டிகளை பார்சல் ஆபீசில் இறக்கியது இவர்தான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன். அது இன்னதென்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சொன்னார்: "தெரியும். உனுக்கும்தான் தெரியும். செவப்ப உரிச்ச எடத்துல பச்சைய ஒட்னது யாரு கையி, என் கையா?"

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன் ஜூடி. அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் யாரிடம் பேசுகிறேன் என்று அவர் பார்க்கிறார். அவர் மாடிக்குப் போய் யாருக்குப் போன் செய்கிறார் என்று நான் பார்க்கிறேன்.

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். உரித்த சிவப்பு லேபிள் இரண்டு, ஒட்டாத பச்சை லேபிள் நான்கு, எல்லாவற்றையும் புர்காவுக்குள் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டேன். பச்சையம்மா அக்காவும் நானும் வியாழக்கிழமை விவசாயத் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம். சிஸ்டரும் அவர் காகிதத்தை வைத்து அங்கே உள்ள அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கட்டும். இரண்டு பக்கமிருந்தும் போனால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நான் எழுதியதாக உன் வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. கீர்த்திக்கு என் முத்தம்.

லுப்னா


தண்டையார்பேட்டை,
ஜனவரி 8

ஜூடிக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் நடந்ததை என் வாயால் நீ கேட்க வேண்டும். வேறு யாராவது வந்து கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

மனு கொடுத்தோம். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். லேபிள்களை வாங்கி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வந்து பார்க்கிறோம், அதுவரை வழக்கம்போல வேலைக்குப் போங்கள் என்றார். திங்கட்கிழமை விம்கோ நகரில் ரயிலைவிட்டு இறங்கி நாங்கள் போனபோது கோடவுன் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு அட்டைப்பெட்டி இல்லை. தரையைப் பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். ஊறப்போடும் தொட்டியைக்கூடக் காணோம். ரவிக்குமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கமா. இங்க இனிமே கருவாடு வெக்கப்போறோம். ஆளு வோணும்னா சொல்லியனுப்பறேன்" என்று சிரித்தார். பின்னாலேயே வந்த அதிகாரிகள் காலி இடத்தைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நாங்கள் இரண்டு பேரும் பொய்க்காரிகள் ஆகிவிட்டோம்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் மனுவைப் பற்றித் தெரிந்தது எங்கள் இருவருக்கும் அந்த அலுவலகத்துக்கும்தான். நான் சுஃபியானைச் சந்தேகப்பட்டேன். என் பையில் லேபிளைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். பச்சையம்மா அக்கா என்னைச் சந்தேகப்பட்டார். "உன் வூட்டுக்காரு வண்டிலதான சரக்கு போவுது? நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டார். அவர் தன் மருமகனின் வேலைக்காக ரவிக்குமாரிடம் சொல்லி வைத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானும் ஏதோ கேட்டுவிட்டேன். ஒரே தொட்டித் தண்ணீரில் கை வைத்தவர்கள் அன்று முதுகைக் காட்டிக்கொண்டு பிரிந்தோம். யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, வேலைக்குப் போன இவர் திரும்பி வந்து வாசலில் வேனை நிறுத்தினார். "ஏறு" என்றார். எங்கே என்று கேட்டதற்குக் கதவைத் திறந்துவிட்டார். நவ்ரீனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன் ஜூடி, கட்டின கணவனோடு போகப் பயந்துகொண்டே போனேன். எண்ணூர் தாண்டி, காட்டுப்பள்ளி போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தைக் கடந்து, ஒரு தகரக் கொட்டகையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். கை ஸ்டியரிங்கைவிட்டு இறங்கவே இல்லை.

"சனிக்கெயம பகல்ல நான்தான் ஏத்தினேன். நாலு நடை. எல்லாம் இதுக்குள்ளதான் கீது" என்றார்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பயமா இருந்திச்சி. இப்பவும் பயமாத்தான் கீது. ஈஸ்டருக்கு ஜூடியோட வந்தப்ப அந்த மனுசன் இதே சீட்லதான் குந்திகினு வந்தாரு. பீச்சு பாக்கணும்னு கேட்டாரே, நீகூட வந்தியே. அஞ்சு நாளா வண்டில ஏறுனா பக்கத்து சீட்ட பாக்க முட்லமே" என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இதுவும் ஒரு நாடகமோ, இரண்டாம் தடவையும் காலிக் கொட்டகையைக் காட்டி அதிகாரிகள் என் பேச்சை இனி ஒருநாளும் கேட்காதபடி செய்யப்போகிறார்களோ என்று நினைத்தேன். இறங்கிப் போய்த் தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் வாடை வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். அடுக்கடுக்காகப் பெட்டிகள். அங்கேயே நின்று அந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். வர மனமில்லாத குரலில்தான் பேசினார். அவர்கள் வரும்வரை இங்கிருந்து நகரமாட்டேன் என்றேன். சொன்னபடி மூன்று மணி நேரம் அந்த லாரிப் புழுதியில் நின்றேன். இவரும் வேனை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை.

பூட்டை உடைத்தார்கள். சிவப்பு, பச்சை, பாதி உரித்தது, எல்லாம் இருந்தது. ஒரு டப்பாவில் முத்திரைகளும் இருந்தன. உடைந்த எட்டை நானே எடுத்துக் காட்டினேன். இதை வைத்திருந்தது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். வண்டியில் ஏற்றியது யார் என்றார்கள். இவர் கை தூக்கினார். இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எங்கள் மேலும் வழக்கு வரலாம் என்றார்கள். வரட்டும். ரவிக்குமாரைப் பிடித்துவிட்டார்கள். முதலாளி யாரென்று கேட்டால் அவரும் இன்னொரு சூப்பர்வைசர் பெயரைத்தான் சொல்கிறாராம். எட்டு மாவட்டக் கடைகளுக்கு அந்த மருந்தை விற்காதீர்கள் என்று உத்தரவு போயிருக்கிறது. போய்ச் சேர்ந்ததா, கடைக்காரர்கள் கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். அடிக்கிற பருவம் இன்னும் முடியவில்லை. உன் ஊரில் யார் வீட்டிலாவது அந்தப் பாட்டில் இருந்தால் தொடாமல் வைக்கச் சொல்ல சிஸ்டரைக் கேட்டுக்கொள்.

சிஸ்டர் அங்கே மனுவோடு கொடுத்த பாட்டிலின் சோதனை முடிவு வந்துவிட்டதாம். அதில் ஒரு சொட்டுகூட வேப்பெண்ணெய் இல்லை. சிவப்பு லேபிளில் எழுதியிருந்த அதே மருந்து. ஜூடி, அண்ணன் எதையும் குடிக்கவில்லை. நீ போட்ட எந்தச் சண்டையும் அவரைக் கொல்லவில்லை. குழந்தைக்குக் கெடுதல் வரக்கூடாது என்று தேடிப் பார்த்து வாங்கியதை, முகமூடிகூட வேண்டாம் என்று நம்பி அடித்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. இதை உன் மாமியாருக்கு நீயே வாசித்துக் காட்டு.

போலீஸ் காகிதத்தில் "குடித்தார்" என்று இருப்பதை மாற்ற என் வாக்குமூலம் வேண்டுமாம். வருகிற பத்தொன்பதாம் தேதி அரியலூருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவரும் வருகிறார். காலையில் சொல்லிவிட்டால் மத்தியானத்துக்குள் எங்கள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருக்கிறது.

உன் ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீ வா என்றால்தான் ஏறுவேன். வராதே என்றால் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன், உன்மேல் ஒரு வருத்தமும் இருக்காது. வரச் சொன்னால், நான் உன் வீட்டுக்குள் வரமாட்டேன், தண்ணீர் கேட்கமாட்டேன். அண்ணனைப் புதைத்த இடத்தை எனக்குக் காட்டு, போதும். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அங்கே வந்தால் தெரியும் என்று நினைக்கிறேன்.

உன் நெஞ்சில் இருக்கிற பாரத்தில் பாதியையாவது இறைவன் என் தலைமேல் இறக்கி வைக்கட்டும். கீர்த்தி நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழட்டும்.

உன் பதிலுக்காக அல்ல, உனக்காகவே துஆ கேட்டுக்கொண்டிருக்கும்,
லுப்னா